ஓரத்து இருட்டு

நவம்பர் 3, திங்கள்

காலை முழுக்கத் தூறல். எஸ்டேட் பிள்ளைகளை ஜீப்பில் பள்ளியில் இறக்கிவிட்டு நேராக ஜமால் பாய் கடைக்குப் போனேன். வால்பாறை பஜாரில் வண்டி எலக்ட்ரிக் வேலைக்கு அவரை விட்டால் எனக்கு வேறு ஆள் தெரியாது. ஜீப்பின் முன்விளக்கு மங்கலாக எரிகிறது என்றேன். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, விளக்கில் குறை ஒன்றும் இல்லை என்றார். மங்கல்தான், ஓட்டுகிற எனக்குத் தெரியாதா என்றேன். மறு பேச்சுப் பேசாமல் இரண்டு பல்பையும் மாற்றிக் கொடுத்தார்.

சாயங்காலம் திரும்பும்போது பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது. இந்த வருஷம் பனிமூட்டம் சீக்கிரமே இறங்கிவிட்டது. ஐந்து மணிக்கெல்லாம் தேயிலைச் செடியும் ரோடும் ஒன்றாகிவிடுகின்றன.

நவம்பர் 5, புதன்

பின் கதவின் ரப்பர் பீடிங் கிழிந்து தண்ணீர் உள்ளே வருகிறது. பிள்ளைகளின் பைகள் நனைகின்றன. பழைய டியூபை வெட்டி ஒட்டினேன்.

வாசலில் குடம் இருந்தது தெரியாமல் காலால் இடித்துவிட்டேன். பிடித்து வைத்த தண்ணீர் முழுதும் போயிற்று. நடைபாதையில் குடத்தை வைத்தால் என்ன அர்த்தம் என்று தவமணியைச் சத்தம் போட்டேன். அது கல்யாணம் ஆன நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது என்றாள். கொழுந்து எடுத்துவிட்டு வந்த களைப்போடு குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி குழாய்க்குப் போனாள்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று முழுக்க ஜீப் வேலை. நேற்றே ஜமால் பாயிடம் மஞ்சள் பனிவிளக்கு ஒரு ஜோடி, ரிலே, ஸ்விட்ச், ஃப்யூஸ், வயர் எல்லாம் வாங்கி வந்திருந்தேன். அவரே மாட்டித் தருவதாகச் சொன்னார். சின்ன வயதில் நானும் பொள்ளாச்சியில் இந்த வேலை பார்த்தவன்தானே, நானே செய்துகொள்கிறேன் என்றேன்.

பம்பருக்குக் கீழே, எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக இரண்டையும் போல்ட் போட்டு நிறுத்தினேன். உயரத்தில் வைத்தால் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். பேட்டரியிலிருந்து தடித்த வயர், வழியில் ஃப்யூஸ், அங்கிருந்து ரிலே, ரிலேயிலிருந்து விளக்கு. ஸ்விட்சுக்கு மெல்லிய வயர் போதும். மகள் தாரணி முன் சீட்டில் கெமிஸ்ட்ரி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்விட்சிலிருந்தே விளக்குக்கு வயரை இழுத்தால் என்ன, நடுவில் இந்த டப்பா எதற்கு என்று கேட்டாள். அத்தனை கரண்ட் அந்தச் சின்ன ஸ்விட்ச் வழியாகப் போனால் அது உருகிவிடும் என்றேன். ஸ்விட்ச் ரிலேயைத் தட்டி எழுப்பும், பாரத்தை ரிலே சுமக்கும். “அப்ப ஸ்விட்சுக்கு வேலையே இல்லை” என்று சொல்லிவிட்டு மறுபடி புத்தகத்தில் குனிந்துகொண்டாள்.

வயரை டேஷ்போர்டுக்கு உள்ளே கொண்டுவரத் துளை போட்டு, தகரம் அறுக்காமல் இருக்க ரப்பர் வளையம் வைத்தேன். தாரணியை ஸ்விட்சைப் போடச் சொன்னேன். டிக் என்று ரிலே பேசியது. இரண்டும் எரிந்தன. மனசுக்கு நிறைவாக இருந்தது.

நவம்பர் 12, புதன்

நடு ரோடு பட்டப்பகல் மாதிரி இருக்கிறது. ஓரம்தான் இருட்டு. இடது பக்கம் சரிவு எங்கே தொடங்குகிறது என்றே தெரிவதில்லை. விளக்கை இன்னும் கொஞ்சம் வெளியே திருப்பினேன். பயனில்லை. ஓரத்துக்கென்று தனியாக ஒரு ஜோடி போட்டால்தான் சரிவரும்.

ஜமால் பாயிடம் கேட்டபோது அவர் சம்மதிக்கவில்லை. எதிரே வருகிறவன் உன்னைத் திட்டுவான், இந்த ரோட்டுக்கு இருக்கிறதே அதிகம் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போது டீ வந்தது. என் பக்கமாக கிளாஸை நீட்டிக்கொண்டே இருந்தாராம், நான் வாங்கவில்லையாம். “என் மேல கோவமா மணி?” என்று கேட்டார். வெயிலிலிருந்து கடைக்குள் வந்தால் எனக்குக் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகிறது, அவ்வளவுதான். எல்லோருக்கும் அப்படித்தான்.

கடைசியில் விளக்கைக் கொடுத்துவிட்டார்.

நவம்பர் 14, வெள்ளி

கவர்ன்மென்ட் பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டித் திட்டினார். பிள்ளைகள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வழி விடத் தெரியாதா என்றார். அவர் வந்த விதம் அப்படி.

நவம்பர் 16, ஞாயிறு

பம்பரின் இரண்டு முனையிலும் இரண்டாவது ஜோடியை மாட்டியாயிற்று. வெள்ளை வெளிச்சம், வெளிப்பக்கம் பார்த்து. இதற்குத் தனி ரிலே, தனி ஸ்விட்ச். மழை விடாததால் தார்ப்பாய் கட்டி அதன் கீழ் படுத்து வேலை செய்தேன். சட்டைக்குள் அட்டை ஏறியிருந்தது, சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

நாலு விளக்குக்கும் எர்த் வயரை ஒரே போல்ட்டில் கொடுத்தேன், அது தளர்ந்தால் நாலும் நின்றுவிடும். பெயின்டை உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்து, பல் வாஷர் போட்டு, மணிக்கட்டு வலிக்கும்வரை ஸ்பேனரால் இறுக்கி, மேலே கிரீஸ் தடவிவிட்டேன். எந்தக் குலுக்கலுக்கும் அது அசையாது.

தவமணி குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள். கோயில் தேர் மாதிரி இருக்கிறது என்றாள். சிரிப்பாள் என்று நினைத்து நிமிர்ந்தேன். சிரிக்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

இன்று பனி இல்லை. நன்றாகத் தெரிந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

சோலையாறு அணைக்கு சாயங்காலச் சவாரி ஒன்று வந்தது. வண்டியில் வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போன வாரமும் இரண்டு பேரை இப்படித்தான் அனுப்பினேன். பள்ளிச் சவாரி போதும். அலைச்சல் உடம்புக்கு ஆவதில்லை.

நவம்பர் 20, வியாழன்

சாயங்காலம் பள்ளியிலிருந்து திரும்பும்போது, டீ ஃபேக்டரிக்குக் கீழே உள்ள பாலத்துத் திருப்பத்தில், அந்த ஃபேக்டரியில் வேலை பார்க்கிற கீழ் டிவிஷன் அருள்தாஸ் மேல் வண்டி பட்டுவிட்டது.

ஷிஃப்ட் முடிந்து நடந்து வந்திருக்கிறான். கையில் டார்ச் இல்லை. சாம்பல் நிறச் சட்டை. பனி அப்போதுதான் கீழிருந்து ஏறிக்கொண்டிருந்தது. நான் வேகமாக வரவில்லை. பின்னால் பிள்ளைகள் இருக்கும்போது நான் என்றைக்கும் வேகமாகப் போனதில்லை. பக்கத்தில் இருந்த தாரணி, “அப்பா, ஆளு” என்றாள். எந்தப் பக்கம் என்று நான் பார்ப்பதற்குள் சத்தம் கேட்டுவிட்டது.

அவன் பாலத்துக் கைப்பிடிச் சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் கிடந்தான். வலது கால் பார்க்கிற மாதிரி இல்லை. நினைவு இருந்தது. என் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டான், எனக்குப் புரியவில்லை. ஃபேக்டரி ஆட்கள் ஓடி வந்தார்கள். எஸ்டேட் ஆம்புலன்சில் அவனை ஏற்றிப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைகளை வேறு ஜீப்பில் அனுப்பினேன். ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும்வரை நானும் தாரணியும் வண்டியோடு நின்றோம்.

எல்லோரும் போன பிறகு பானெட்டைத் திறந்து பார்த்தேன். எர்த் போல்ட் தளர்ந்திருந்தது. வந்த ஏட்டிடமும் அதைக் காட்டினேன். விளக்கு நின்று நின்று எரிந்தது, அதனால்தான் ஆளைத் தெரியவில்லை என்றேன். தாரணியைக் கேட்டார்கள். அவளும் ஆமாம் என்றாள்.

வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

ஜீப் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. அருள்தாஸுக்கு நேற்று ராத்திரியே ஆபரேஷன் செய்து காலில் கம்பி வைத்திருக்கிறார்களாம். தவமணி தோட்டத்திலிருந்து அப்படியே பொள்ளாச்சிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நீங்களும் ஒரு எட்டு போய்ப் பாருங்கள் என்றாள். அங்கே அவன் மச்சான்மார் இருப்பார்கள், கோபத்தில் இருப்பார்கள், ஆறட்டும் என்றேன்.

எஸ்டேட் மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். அவரிடமும் அதையேதான் சொன்னேன். இதெல்லாம் டூப்ளிகேட் சாமானாக இருக்கும், எங்கே வாங்கினாய் என்றார். ஜமால் பாய் கடை என்றேன். கேட்டார், சொன்னேன். பொய் இல்லையே.

நவம்பர் 24, திங்கள்

அருள்தாஸின் மச்சான்மார் ஜமால் பாய் கடைக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார்கள். ரிலேயும் வயரும் மட்டமான சரக்கு, அதனால்தான் விளக்கு நின்றது, ஒரு மனுஷன் கால் நொறுங்கிப் போயிற்று என்று பஜாரே கேட்கும்படி கத்தியிருக்கிறார்கள். கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டார்களாம். ஸ்டேஷனிலும் அவரைக் கூப்பிட்டு, கொள்முதல் ரசீதெல்லாம் கேட்டிருக்கிறார்கள்.

பால் வாங்கப் போன இடத்தில் பேசிக்கொண்டார்கள். நான் பாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 26, புதன்

ஸ்டேஷனில் ஜமால் பாய் ஜீப்பைப் பார்க்க அனுமதி கேட்டிருந்தார். என்னையும் வரச் சொன்னார்கள். அவர் பானெட்டைத் திறந்து ரிலே இரண்டையும் கழற்றி, பேட்டரியில் தொட்டுப் பார்த்தார். இரண்டும் டிக் டிக் என்று சரியாகப் பேசின. பிறகு எர்த் போல்ட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டு டீ குடிக்க அந்தப் பக்கம் போனதும் என்னைப் பார்க்காமலே பேசினார்.

“இது குலுக்கல்ல கழண்டது இல்ல மணி. கிரீஸ்ல ஸ்பேனர் தடம் இருக்கு. யாரோ திருப்பியிருக்காங்க.”

நான் பானெட் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் இதை இப்பவே உள்ளே போய்ச் சொல்லலாம். சொல்ல மாட்டேன். நீ பிள்ளை குட்டிக்காரன்” என்றார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். கடை திறக்கவில்லை போல, பஜார் பக்கம் போகாமல் வீட்டுப் பக்கம் நடந்தார்.

நவம்பர் 27, வியாழன்

மழை. வெளியே போகவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

தவமணியோடு ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அரிசி மூட்டையை நான் தலையில் வைத்திருந்தேன். பேசிக்கொண்டேதான் வந்தோம். பாதையோரம் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் மேல் நேராகப் போய் மோதிவிட்டேன். மூட்டை அவிழ்ந்து அரிசி சேற்றில். முழங்காலில் ரத்தம்.

தவமணி என்னைத் தூக்கவில்லை. அரிசியையும் பார்க்கவில்லை. எதிரே நின்று, கையை என் முகத்துக்குப் பக்கவாட்டில் கொண்டுவந்து ஆட்டினாளாம். எத்தனை விரல் என்று கேட்டாள். எங்கே என்று நான் கேட்டேன்.

அங்கேயே பாதையில் உட்கார்ந்து அழுதாள். எத்தனை நாளாக, எத்தனை நாளாக என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தவமணி என் அக்கா மகள். அக்கா கடைசி வருஷங்களில் விளக்கு வைத்த பிறகு வீட்டை விட்டு வெளியே வரமாட்டாள். மாலைக்கண் என்று சொல்லி முருங்கைக்கீரையாக ஆக்கிப் போட்டோம்.

“எங்கம்மா சுவரைத் தடவிக்கிட்டுத்தான் நடந்துச்சு. நீங்களும் இப்ப சுவரைத் தடவுறீங்க மாமா. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கேட்டா கத்துவீங்கன்னு கேக்கல.”

சேறு படாத அரிசியை இரண்டு பேரும் அள்ளினோம். பெரும்பாலும் அவள்தான் அள்ளினாள், எனக்கு அரிசி எது சேறு எது என்று தெரியவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரி. முதல் பஸ்ஸுக்கே கிளம்பினோம். மலையில் நாற்பது வளைவும் இறங்கி முடிக்கிறவரை தவமணி என் கையை விடவில்லை. தாரணியையும் கூட்டிவந்தாள். எதற்கு என்று கேட்டேன். வரட்டும் என்றாள்.

கண்ணில் மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். பிறகு ஒரு இருட்டறை. வெள்ளைக் கிண்ணம் போல ஒரு மெஷின். தாடையை அதற்குள் வைத்து நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது சின்ன வெளிச்சம் வந்தால் கையில் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். நான் பட்டனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்று வந்தது, அமுக்கினேன். அப்புறம் வரவே இல்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, மெஷின் நின்றுவிட்டதா என்று கேட்டேன். அந்தப் பெண், “ஓடிட்டுதாங்க இருக்கு, புள்ளியவே பாருங்க” என்றாள். லைட்டுக்குப் போகிற வயரில் ஏதாவது லூசாக இருக்கும் என்றேன்.

டாக்டர் அம்மா ஒரு தாளைக் காட்டினார். முழுக்கக் கறுப்பு. நடுவில் மட்டும் ஒரு ரூபாய் வட்டத்துக்கு வெள்ளை. இதுதான் உங்களுக்குத் தெரிகிற உலகம் என்றார். கண்ணுக்குப் பின்னால் உள்ள திரை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறதாம். முதலில் இருட்டில் தெரியாது, பிறகு ஓரம் தெரியாது. பல வருஷமாகவே இருந்திருக்கும், நீங்கள் கவனித்திருக்க வேண்டுமே என்றார். இன்றைக்கு இதற்கு மருந்து கிடையாது. நல்ல விளக்காகப் போட்டால் தெரியுமா என்று கேட்டேன். எனக்கே அந்தக் கேள்வி கேவலமாக இருந்தது.

“வெளிச்சத்துல குறை இல்லைங்க. வாங்கிக்கிற இடம்தான் இல்லை” என்றார்.

என்ன வேலை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தவமணி சொல்லிவிட்டாள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஜீப் ஓட்டுகிறார் என்று. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இனிமேல் சைக்கிள்கூட ஓட்டக் கூடாது என்றார். பிறகு, சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். ஆமாம் என்றோம். அவர் பார்வை தாரணி பக்கம் போனது. நாளைக்கு இந்தப் பெண்ணையும் பார்த்துவிடலாம் என்றார்.

அந்த நேரத்தில் என் கண்ணைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பும் இல்லாமல் போயிற்று.

டிசம்பர் 5, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு சத்திரத்தில் தங்கினோம். தாரணியை உள்ளே கூப்பிட்டதும் நானும் தவமணியும் வெளியே பெஞ்சில். உள்ளே கண்ணாடிக் கதவு வழியாக அந்த வெள்ளைக் கிண்ணத்தின் முன் அவள் பின்னல் மட்டும் தெரிந்தது. தவமணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். இவளை எனக்குக் கட்டி வைத்தபோது அக்கா எவ்வளவு சந்தோஷப்பட்டாள். பெண் வெளியே போகாது, என் தம்பி வீட்டிலேயே இருக்கும் என்றாள். அந்த அக்காவைத் திட்டவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

தாரணிக்கு ஒன்றும் இல்லை. திரை சுத்தமாக இருக்கிறதாம். இன்னொரு டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். கல்யாணம் பேசும்போது மட்டும் சொந்தத்தில் வேண்டாம் என்றார் டாக்டர். தவமணி அவர் காலில் விழப் போனாள். அவர் நகர்ந்துகொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் தாரணி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆழியாறு தாண்டி முதல் வளைவு ஏறும்போது சொன்னாள்.

“எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுன்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கும் தெரிஞ்சுதுப்பா. நாலு விளக்கும் எரிஞ்சுது.”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“நீங்க பானெட்டைத் திறந்து ஸ்பேனர் எடுத்ததையும் பாத்தேன். போலீஸ்கிட்ட பொய் சொன்னேன். ஜமால் மாமா பொண்ணு என் கிளாஸ்தான். என்கூடப் பேச மாட்டேங்குறா. நான் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லட்டுமா?”

நீ போக வேண்டாம், நான் போகிறேன் என்றேன். சரி என்றாள். கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சின்னப் பிள்ளையில் தூங்கினது போல வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

ஆம், ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது. இரண்டு திருப்பு திருப்பினேன். அதை இங்கேகூட நான் எழுதவில்லை.

டிசம்பர் 6, சனி

காலையில் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரித் தாளையும் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். கேஸ் இன்னும் பலமாகும், தெரிந்துதான் சொல்கிறாயா என்றார். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார். பெண்ணின் பெயரைச் சேர்க்காதீர்கள், நான் சொல்லச் சொல்லித்தான் அவள் சொன்னாள் என்றேன். உண்மையில் நான் அவளிடம் சொல்லவே இல்லை. அவளாகவே என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அது இதைவிடக் கேவலம், அதனால் அதை அவரிடம் சொல்லவில்லை.

பிறகு மேனேஜர் பங்களா. நின்றபடியே கேட்டார். இத்தனை நாள் என் பேரனும் அந்த வண்டியில்தான் வந்தான் என்று மட்டும் சொன்னார்.

டிசம்பர் 9, செவ்வாய்

தாரணியோடு ஜமால் பாய் வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னார். ஸ்டேஷனில் சொல்லிவிட்டேன் என்றேன், கேள்விப்பட்டேன் என்றார். பஜாரில் எல்லாரிடமும் நானே சொல்கிறேன் என்றேன். சொல்லு, ஆனால் கத்தினதைக் கேட்டவர்கள் நூறு பேர், நீ சொல்வதைக் கேட்க பத்து பேர் நிற்பார்களா என்றார். கடையை மகனிடம் விட்டுவிட்டு மேட்டுப்பாளையம் தம்பி வீட்டோடு போய்விடலாமா என்று யோசிக்கிறாராம்.

கிளம்பும்போது வாசல்படியில் இறங்கத் தடுமாறினேன். கையைப் பிடித்து இறக்கிவிட்டார். “அன்னிக்கு டீயை நீ வாங்காதப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும்” என்றார். அவருடைய மகள் கதவோரம் நின்றிருந்தாளாம், தாரணி பிறகு சொன்னாள். எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 20, சனி

அருள்தாஸுக்குப் புண் ஆறாமல் சீழ் வைத்து, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தவமணி வந்து சொன்னாள். அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள். யாருக்கும் பசி இல்லை.

ஜனவரி 11, ஞாயிறு

புத்தாண்டு பிறந்ததுமே அருள்தாஸ் வீட்டுக்கு வந்துவிட்டான். கீழ் டிவிஷன் லைன் வீடு, எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஒவ்வொரு நாளும் போக வேண்டும் என்று நினைத்து, ஒவ்வொரு நாளும் போகவில்லை. விஷயம் முழுதும் அவனுக்கு முன்னமே தெரியும். தவமணியே போய்ச் சொல்லியிருக்கிறாள். ஆனால் என் வாயால் சொல்லவில்லை.

இன்று மத்தியானம் நல்ல வெயில். அதனால் தனியாகவே நடந்தேன். அவன் மனைவி மரியபுஷ்பம் வாசல் குழாயில் வாளியை வைத்துவிட்டுத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். உள்ளே இருட்டாக இருந்தது. கண் பழகட்டும் என்று நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“முன்னாடியே ஸ்டூல் கிடக்கு. இடிச்சுக்காம உக்காரு” என்றது அவன் குரல்.

தடவி உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். கண் போனது, அதை ஒத்துக்கொள்ள மாட்டாமல் விளக்கு விளக்காக மாட்டினது, போல்ட்டைத் திருப்பினது, பாய் பெயரைச் சொன்னது. பிறகு, நான் கேட்காததைச் சொன்னான்.

“நீ வர்றது எனக்கு மேல் வளைவுலயே தெரிஞ்சிருச்சு மணி. அந்த நாலு விளக்கு இந்த மலையில வேற யாருக்கு இருக்கு? ஏத்திக்கிட்டுப் போவேன்னு நினைச்சுக் கையைத் தூக்கினேன். ரெண்டு தடவை தூக்கினேன். வண்டி என் பக்கமே வந்துச்சு. நிறுத்தத்தான் வர்றேன்னு நினைச்சேன். இவ்வளவு வெளிச்சத்துல என்னைப் பாக்காமயா இருப்பேன்னுதான் நகராம நின்னேன்.”

விளக்கு இல்லாமல் இருந்திருந்தால் அவன் சுவரோடு ஒதுங்கியிருப்பான்.

வெளியே வாளியில் குழாய்த் தண்ணீர் விழுந்து வழிகிற சத்தம் கேட்டது. யாரும் போய் மூடவில்லை.

“இப்ப என்னைத் தெரியுதா?” என்று கேட்டான்.

கொஞ்சம்தான் தெரிகிறது, நேராகப் பார்த்தால் தெரியும் என்றேன்.

“அப்ப நேரா பாரு.”

பார்த்தேன். ஒரே தடவையில் அவனை முழுதாகப் பார்க்க எனக்கு முடியாது. முதலில் முகம். கன்னம் ஒட்டி, தாடி நரைத்திருந்தது. கண் என் மேலேயே இருந்தது. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கினேன். கழுத்தில் கறுப்புக் கயிறும் சிலுவையும். கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்த கை. மடித்துக் கட்டிய கைலி. இடது கால், பாதம், விரல்கள். பிறகு வலது பக்கம் திருப்பினேன். முழங்கால்வரை வந்தேன். அதற்குக் கீழே கட்டிலின் பிளாஸ்டிக் நாடாதான் இருந்தது. ஒருவேளை எனக்குத்தான் தெரியவில்லையோ என்று ஒரு கணம் கண்ணை அங்கும் இங்கும் திருப்பித் தேடினேன்.

“இல்லைதான்” என்றான் அருள்தாஸ்.